'கஷ்டம்' ஃபோல்டர்

வாங்க டீச்சர். செருப்பை அங்கயே விடுங்க, ஒண்ணும் ஆகாது. ஃபேன் காத்து இந்த நாற்காலிக்குத்தான் வரும், இப்படி உக்காருங்க. பொண்ணு போட்டோ பென் டிரைவ்ல இருக்குன்னு போன்ல சொன்னீங்களே, கொண்டாந்தீங்களா? குடுங்க. ஏன் கைக்குள்ளயே வச்சிருக்கீங்க?

ஓ. அந்த வத்தலக்குண்டு விஷயம் உங்க காது வரைக்கும் வந்துடுச்சா. யாரு சொன்னா? சரி, சொல்ல வேண்டாம். சொன்னவங்க பாதியத்தான் சொல்லியிருப்பாங்க. மீதிய நான் சொல்றேன். கேட்டுட்டுக் குடுங்க. குடுக்க இஷ்டமில்லன்னா காப்பியக் குடிச்சிட்டுப் போங்க, இந்த சரோஜினி யாரையும் கையப் பிடிச்சு இழுக்கிறவ இல்ல.

இருபத்திரண்டு வருஷமா கல்யாணத் தகவல் மையம் நடத்துறேன். முதல்ல எல்லாம் பிரிண்ட் போட்டோ, ஆல்பத்துல சொருகிடுவேன். அப்புறம் சி.டி. அப்புறம் பென் டிரைவ். நான் என்ன பண்ணினேன்னா, சாதிக்கு ஒரு பென் டிரைவ் வாங்கிட்டேன். கலந்துடக் கூடாது பாருங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் நூல் கட்டி ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். மொத்தம் ஏழு. ஆறு சாதிக்கு ஆறு, ஏழாவது 'பரவாயில்ல'. அதாவது சாதி பாக்கல, பரவாயில்லன்னு சொல்றவங்களுக்கு. அதுல மொத்தமே அஞ்சு போட்டோ. அதுலயும் மூணு பேருக்கு ரெண்டாம் கல்யாணம்.

ஒவ்வொரு பென் டிரைவுக்குள்ளயும் நாலு ஃபோல்டர். 'டக்குனு', 'பாக்கலாம்', 'கஷ்டம்', 'முடிஞ்சது'. போட்டோவுக்கு நான்தான் பேரு வைப்பேன். 'பேங்க் மாப்ள', 'ஒரே பையன்', 'துபாய்', 'லேப் பொண்ணு', இப்படி. சொந்தப் பேரைப் போட்டா எனக்கு ஆளு ஞாபகம் வராது. ஒரு பென் டிரைவ்ல மட்டும் எட்டு கார்த்திக் இருந்தானுங்க.

போன பங்குனியில பச்சை நூல் பென் டிரைவ் செத்துப் போச்சு. சொருகினா திறக்கவே மாட்டேங்குது. ஒரு சாதி மொத்தமும் உள்ள மாட்டிக்கிச்சு டீச்சர். பிரௌசிங் சென்டர் காரரு ரெண்டு நாள் வச்சிருந்து பாதியத்தான் வெளிய எடுத்தாரு. எடுத்துட்டு, "இப்படிக் குட்டி குட்டியா வச்சிருக்காதீங்கம்மா, ஹார்டு டிஸ்க் வாங்குங்க"ன்னு ஒண்ணைக் காட்டினாரு. உள்ளங்கை அகலம். இதுல திண்டுக்கல்லையே போட்டு வைக்கலாம்னாரு. சரின்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தேன். ஒவ்வொரு பென் டிரைவா சொருகுறது, உள்ள இருக்கறதை அப்படியே அள்ளி ஹார்டு டிஸ்க்ல கொட்டுறது. ரெண்டாவதுல இருந்தே கம்ப்யூட்டர் நடுவுல நடுவுல என்னமோ கேக்க ஆரம்பிச்சுச்சு. இதே பேருல ஏற்கனவே ஒண்ணு இருக்காம், மாத்தவா விடவான்னு இங்கிலீஷ்ல கேக்குது. நமக்கு இங்கிலீஷ்ல நல்லாத் தெரிஞ்சது 'எஸ்'. எஸ் குடுத்தேன். மறுபடி கேட்டுச்சு, மறுபடி எஸ். எல்லாத்துக்கும் எஸ்ஸான்னு கேட்டுச்சு. அதுக்கும் எஸ். நாலு மணி பாலு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சுது. எந்தத் தலைவராலயும் முடியாத காரியம் டீச்சர். எல்லாச் சாதியும் ஒரே பொட்டிக்குள்ள, ஒரே மத்தியானத்துல.

இப்ப வெண்ணிலாவுக்கு வர்றேன். வெண்ணிலாங்கறது இங்க ஹவுசிங் போர்டுல இருக்கிற பொண்ணு. முப்பத்தொரு வயசு, அப்பா இல்ல, அம்மா கலாவதி. பொண்ணு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. நல்ல பொண்ணுதான். ஆனா நிறம் கம்மி. கம்மின்னா, ரொம்பவே கம்மி. அதுக்குப் போயி வெண்ணிலான்னு பேரு வச்சிருக்காங்க, பெத்தவங்க நம்பிக்கையப் பாருங்க. அவ போட்டோவை 'லேப் பொண்ணு'ன்னு பேரு போட்டு, சிவப்பு நூல்ல, 'கஷ்டம்' ஃபோல்டர்ல வச்சிருந்தேன்.

மஞ்ச நூல்லயும் ஒரு 'லேப் பொண்ணு' இருந்துச்சு. ஒட்டன்சத்திரத்துக்காரி. அது சுண்டினா ரத்தம் வர்ற நிறம். ஆனா மூல நட்சத்திரம், அதனால அதுவும் 'கஷ்டம்'தான். அந்தப் பொண்ணுக்கு எங்கயோ கல்யாணமாகி ரெண்டு பிள்ளையும் ஆயிடுச்சு. ஆனா அவங்க வீட்ல எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா 'முடிஞ்சது'ல போட்டிருப்பேன், இவ்வளவும் நடந்திருக்காது. தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்துக்கங்க.

ஆக மஞ்ச நூல் லேப் பொண்ணு சிவப்பு நூல் லேப் பொண்ணு மேல ஏறி உக்காந்துடுச்சு. பேரு ஒண்ணு, ஃபோல்டர் ஒண்ணு, நான் குடுத்த எஸ்ஸும் ஒண்ணு. நான் ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு போட்டோ அனுப்புறவ. பேரைப் பாத்து அனுப்புவேன். லேப்டாப்ல படம் எல்லாம் தபால்தலை மாதிரி தெரியும். கண்ணாடி வேற மாத்த வேண்டியிருந்துச்சு.

வத்தலக்குண்டுல ஜெயபாலன்னு ஒரு பையன். மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கான். முப்பத்தாறு வயசு, கொஞ்சம் தொப்பை. அவனும் 'கஷ்டம்'தான், ஆம்பளைங்க பக்கம். அவங்க அம்மா இந்திராணிக்கு மருமக நிறமா இருக்கணும். மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி. நான் வெண்ணிலா ஜாதகத்தை நோட்டுல பாத்து எழுதி, கூட 'லேப் பொண்ணு' போட்டோவையும் வச்சு அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல போன். இந்தம்மா இவ்வளவு சீக்கிரம் எந்த போட்டோவுக்கும் கூப்பிட்டதில்ல. ஞாயித்துக்கிழமையே பொண்ணு பாக்க வர்றோம்னாங்க.

கலாவதிக்குச் சொன்னேன். அந்தம்மா அழுதுடுச்சு. ஏன்னா அது வரைக்கும் போட்டோவோடயே எல்லாரும் நின்னுடுவாங்க, வீடு வரைக்கும் யாரும் வந்ததில்ல.

ஞாயித்துக்கிழமை கார் வச்சுக்கிட்டு வந்தாங்க. பையன், அவங்கம்மா, ஒரு தாய்மாமா. பழத்தட்டு, பூ, எல்லாம் முறையா இருந்துச்சு. கேசரி, பஜ்ஜி. வெண்ணிலா காப்பித் தட்டோட வந்தா. இந்திராணியம்மா போனைப் பாத்தாங்க. பொண்ணைப் பாத்தாங்க. மறுபடி போனைப் பாத்தாங்க. அப்புறம் கலாவதியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "இது சின்னவளா? பெரியவளைக் கூப்பிடுங்க"ன்னாங்க.

"எனக்கு ஒரே பொண்ணுங்க"ன்னா கலாவதி.

நான் எட்டி அந்தம்மா போனைப் பாத்தேன்.

வெண்ணிலா தட்டைக் கீழ வச்சா. "அந்த போனைக் கொஞ்சம் குடுங்கம்மா"ன்னு வாங்கினா. ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்கிப் பாத்தா. நிதானமாப் பாத்தா டீச்சர், லேப்ல கண்ணாடியில வச்சுப் பாப்பாங்களே அந்த மாதிரி. "இது நான் இல்லங்க. இவங்களும் லேப்ல வேலை பாக்கறாங்க போல, கோட்டு போட்டிருக்காங்க. எங்க லேப் கோட்டு இல்ல"ன்னு சொல்லிப் போனைத் திருப்பிக் குடுத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. பாத்தா, அவ்வளவுதான்.

இந்திராணியம்மா எந்திரிச்சாங்க. ஏமாத்து வேலைங்கறாங்க, போலீஸுங்கறாங்க. தாய்மாமா பழத்தட்டைத் திருப்பி எடுத்துட்டாரு. பூவை மட்டும் விட்டுட்டாரு, கார்ல போறதுக்குள்ள வாடிடும்னு நினைச்சாரோ என்னவோ. கலாவதி அடுப்படிக்குள்ள போயிட்டா. நான் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் பண்ணின தப்பு, கம்ப்யூட்டர் பண்ணின தப்புன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், யாரும் கேக்கல.

இவ்வளவு நடக்குது, அந்த ஜெயபாலன் உக்காந்து கேசரி சாப்பிடுறான்.

"எந்திரிடா"ங்கறாங்க அம்மா.

"குடுத்ததை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சா நல்லாருக்காதும்மா. நீங்க போயி கார்ல இருங்க, வந்துடறேன்"ங்கறான். சொல்லிட்டு வெண்ணிலாகிட்ட, "இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?"ன்னு கேக்கறான். அந்தக் களேபரத்துல ரெண்டாவது தரம். தின்னின்னா அப்படி ஒரு தின்னி. அவளும் உள்ள போயி எடுத்துட்டு வந்து வச்சா. "நீங்களே பண்ணினதுங்களா?"ன்னான். "இல்ல, எங்கம்மா. எனக்குக் காப்பிதான் வரும்"ன்னா. "காப்பியும் நல்லாத்தான் இருக்கு"ன்னான். கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டு, கை கழுவி, அடுப்படி வாசல்ல நின்னு கலாவதிகிட்ட "வர்றேங்கம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் போனான். அதுக்குள்ள கார்ல ஹாரன் அடிச்சு ஊரைக் கூட்டிட்டாங்க. நான் அதையெல்லாம் எங்க கவனிச்சேன். இருபத்திரண்டு வருஷமா சம்பாதிச்ச பேரு போகுதேன்னு எனக்குக் கவலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு வெண்ணிலா இங்க வந்து நிக்கிறா. சண்டை போடத்தான் வந்திருக்கான்னு நினைச்சு, நானும் தயாரா இருந்தேன். "என் போட்டோவை எடுத்துடுங்கம்மா. உங்ககிட்ட எதுலயும் இருக்கக் கூடாது"ன்னா.

"எது எங்க இருக்குன்னு எனக்கே தெரியல பாப்பா. ஹார்டு டிஸ்க்ல இருக்கு, பென் டிரைவ்ல இருக்கு, போன்ல இருக்கு, பழைய போன் மெமரி கார்டு ரெண்டு கிடக்கு. நீயே தேடி எடுத்துக்க"ன்னு லேப்டாப்பைத் தள்ளினேன். பயந்து ஓடிடுவான்னு பாத்தேன். இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியில உக்காந்துட்டா.

நேரா 'கஷ்டம்' ஃபோல்டரைத் திறந்தா. ஒவ்வொண்ணா வாய்விட்டு வாசிக்கிறா. "பல்லு. குண்டு ஒண்ணு. குண்டு ரெண்டு. குண்டு மூணு." ஒன்பது வரைக்கும் போச்சு. "அக்கா ஓடிப்போச்சு. அப்பா பாட்டில். மாறுகண் டீச்சர்." உங்களைச் சொல்லல டீச்சர், அது வேற ஆளு, பழனிப் பக்கம்.

வாசிச்சு முடிச்சுட்டு, "நான் எப்பம்மா இதுக்குள்ள வந்தேன்?"ன்னா.

மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? "மூணு எடம் வேண்டாம்னு சொன்னா மாத்திடுவேன் பாப்பா. எல்லாருக்கும் அதே கணக்குதான். கடையில பழைய சரக்கைப் பின்னால தள்ளி வைக்கிறதில்லையா?"ன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

"மொத்தம் எத்தனை எடம் வேண்டாம்னாங்க?"

"பதினாலு."

"எங்க வீட்ல ஆறுன்னுதான சொன்னீங்க."

"மிச்சத்தைச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

அதுக்கப்புறம் ரொம்ப நேரம் திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. வெயில் நேரம், வேர்த்துச்சு போல, கண்ணெல்லாம் துடைச்சா. நான் ஃபேனைக் கொஞ்சம் வேகமா வச்சு விட்டேன்.

அப்புறம் சொன்னா, "எங்க லேப்ல ஒரு டியூப்ல பேரை மாத்தி ஒட்டிட்டா, நோயே இல்லாத ஆளுக்கு மருந்து போயிடும்மா. நோய் இருக்கிற ஆளு சும்மா வீட்டுக்குப் போயிடுவாரு. உங்களுக்கு இது எதுவுமே தோணலயா?"ன்னா.

"நான் என்ன ரத்தமா எடுக்கிறேன்? போட்டோதான பாப்பா"ன்னேன்.

"என்னோடதை மட்டும் எடுத்துட்டுப் போனா மனசு ஒப்பாது. மொத்தத்தையும் சரி பண்ணிட்டுப் போறேன்"ன்னா. நான் கேக்கல டீச்சர். அவளாத்தான் ஆரம்பிச்சா. மூணு ஞாயித்துக்கிழமை வந்தா. மத்தியானச் சாப்பாடு நான்தான் போட்டேன், அதையும் சொல்லணும்ல. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு.

செத்துப் போன பச்சை நூல் போக மிச்சம் ஆறு பென் டிரைவையும் சொருகி, ஹார்டு டிஸ்க்ல இருக்கறதோட ஒவ்வொண்ணா ஒப்பிட்டா. மேல ஏறி உக்காந்தது மொத்தம் நாப்பத்தாறு. எத்தனை பேருக்கு வேற மூஞ்சி போயிருக்கோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஒரே படம் அஞ்சு எடத்துல இருந்தா நாலை அழிச்சா. ஒரு பையன் மூணு பென் டிரைவ்ல மூணு சாதியா இருந்தான். மீசையைக் கூட மாத்தல, அதே போட்டோ. நான் பாக்காம இருந்திருக்கேன், அவ கண்டுபிடிச்சுட்டா. அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க.

அதோட விட்டாளா? நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு வீட்டுக்கா போன் போடுறா. "உங்க பொண்ணு போட்டோ சரோஜினிம்மாகிட்ட இருக்குங்க. வச்சிருக்கலாமா, எடுத்துடலாமா?" இப்படிக் கேட்டா எவன் வச்சிருன்னு சொல்லுவான்? முன்னூத்திப் பன்னெண்டு பேருக்குக் கல்யாணம் ஆகியே போச்சு, எனக்கு ஒரு வார்த்தை இல்ல. சில பேரு, நாங்க எப்பக் குடுத்தோம்னு கேக்கறாங்க. வேடசந்தூர்ல ஒரு வீட்ல, பையன் தவறி ரெண்டு வருஷம் ஆச்சுங்கன்னு அவங்க அப்பா சொல்லியிருக்காரு. வெண்ணிலா அவரோட அரை மணி நேரம் பேசினா. அவரு கேட்டாருன்னு அந்தப் போட்டோவை அவருக்கே அனுப்பி வச்சா, அவங்ககிட்ட இருந்தது எல்லாம் சின்ன வயசுப் படமாம். அந்தப் பையன் படத்தை நான் முந்தின மாசம்தான் ஒரு பெரியகுளம் பார்ட்டிக்குக் காட்டியிருந்தேன். அவங்களுக்குப் பிடிச்சும் இருந்துச்சு. நான் என்ன பண்ண முடியும், என்கிட்ட யாரு சொன்னா?

கடைசி ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் சொந்தப் பேரைப் போட்டுட்டா. பேரு, பிறந்த வருஷம், ஊரு. அவ்வளவுதான். 'டக்குனு' இல்ல, 'கஷ்டம்' இல்ல. சாதிக்கு ஒரு நூலும் இல்ல. ஹார்டு டிஸ்க்ல ஒரு பிரதி, இன்னொரு பென் டிரைவ்ல ஒரு பிரதி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னா. எல்லாம் முடிஞ்சு கடைசியா அவளோடதை எடுத்தா. ஹார்டு டிஸ்க்ல, சிவப்பு நூல்ல, மெமரி கார்டுல, என் போன்ல. கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியில போயி அதையும் காலி பண்ணினா. அவ நம்பரைக் கூட என் போன்ல இருந்து எடுத்துட்டா. நோட்டுல அவ பக்கத்தைக் கிழிச்சு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டா. போயிட்டு வர்றேம்மான்னு கும்பிட்டுட்டுப் போனா.

இப்ப என் கஷ்டத்தைக் கேளுங்க. யாரையும் கண்டுபிடிக்க முடியல டீச்சர். திறந்தா எல்லாம் பேரா இருக்கு. பேரை வச்சுக்கிட்டு ஆளை எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒவ்வொண்ணாத் திறந்து முகத்தைப் பாக்க வேண்டியிருக்கு. ஒரு நாளைக்கு நாப்பது அனுப்பினவ இப்ப எட்டு அனுப்புறேன். இதுதான் நடந்தது. இதைப் போயி, சரோஜினி மூஞ்சியை மாத்தி அனுப்புறான்னு ஊர்ல பரப்பினா எப்படி?

இன்னும் இருக்கு. ஒரு மாசம் கழிச்சு ஜெயபாலன் வந்தான். தனியா வந்தான். "அந்தப் பொண்ணு நம்பர் வேணும்"ங்கறான்.

"எந்தப் பொண்ணு? போட்டோவுல இருந்ததா? அதுக்கு ரெண்டு பிள்ளைப்பா."

"இல்லம்மா. நேர்ல இருந்தவங்க."

"அவளை எதுக்கு? திட்டுறதுக்கா? தப்பு அவளோடது இல்ல, கம்ப்யூட்டரோடது"ன்னேன்.

"திட்டல. பேசணும்"ன்னான். நம்பர் இல்ல, அழிச்சுட்டான்னு சொன்னேன். அந்த வீட்டுக்கே போன்னேன். அதுக்கு, "அம்மா பேசின பேச்சுக்கு நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அந்த வாசல்ல போயி நிக்கிறது?"ங்கறான். எந்த லேப்புன்னு கேட்டான். பஸ் ஸ்டாண்ட் பக்கம்னு சொன்ன ஞாபகம், பேரு தெரியாதுன்னேன். சரின்னு போயிட்டான்.

பத்து நாள் கழிச்சு அவங்கம்மா இங்க வந்து கத்துறாங்க. பையன் சட்டைப் பையில நாலு லேப் சீட்டு இருந்துச்சாம். நாலு லேப்ல போயி ரத்தம் குடுத்திருக்கான் அந்தப் பைத்தியம். சும்மா உள்ள போயி, இங்க வெண்ணிலான்னு ஒருத்தர் இருக்காங்களான்னு கேக்க வேண்டியதுதான? அப்படி ஒரு பொண்ணு பேரைச் சொல்லி விசாரிச்சா நல்லாருக்காதாம், டெஸ்ட் எடுக்க வந்த மாதிரி போனானாம். நாலாவது லேப்ல அவ இருந்திருக்கா. நாலு சீட்டுலயும் ஒரே முடிவுதான், சுகர் முன்னூறுக்கு மேல. அவனுக்கு அது வரைக்கும் தெரியவே தெரியாது. "வந்த வேலையை அப்புறம் பாக்கலாம், நாளைக்கு வெறும் வயித்துல வாங்க"ன்னு அனுப்பியிருக்கா. மறுநாள் காலையில ஆறரைக்கே போயி நின்னிருக்கான், லேப் திறக்கிறதுக்கு முன்னாடி. "என் பையனை நோயாளி ஆக்கிட்டா"ன்னு அந்தம்மா என்கிட்ட வந்து சண்டை. நான் என்ன பண்ணுவேன்?

போன வாரம் முழங்கால் வலிக்கு டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்கன்னு அந்த லேப்புக்குத்தான் போனேன். வெண்ணிலாதான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தா. குத்தினதே தெரியல, கையி அவ்வளவு லேசு. மனசு கேக்காம விசாரிச்சேன்.

"ஏம்மா, அந்த வத்தலக்குண்டுக்காரன் இன்னும் வர்றானா?"

"வாராவாரம் வர்றாரும்மா."

"என்னதான் சொல்றான்? கல்யாணம் கில்யாணம்னு ஏதாவது பேசினானா?"

அவ டியூப்ல என் பேரை எழுதிக்கிட்டே, "நூத்தி நாப்பதுக்கு வந்துட்டாரும்மா"ன்னா. சொல்லிட்டு, தானாச் சிரிச்சுக்கறா. அவன் வர்ற அன்னைக்கெல்லாம் காலையில ரெண்டு பேரும் நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுத்தி நடக்கிறாங்களாம், வைத்தியர் நடக்கச் சொன்னாராம்.

பாருங்க டீச்சர், நான் கல்யாணத்தைப் பத்திக் கேட்டா அவ சுகரைப் பத்திச் சொல்றா. முப்பத்தொரு வயசாகியும் இன்னும் அமையலன்னா ஏன் அமையாது? இந்தப் பேச்சுத்தான். அந்தப் பையனும் பாவம், அம்மா பேச்சைக் கேட்டே காலத்தை ஓட்டுறான், யாராவது எடுத்துச் செஞ்சாத்தான் உண்டு.

உங்க பொண்ணுக்குப் பாக்கலாமா? சொந்தக் கடை, குடி கிடையாது, நடந்து நடந்து தொப்பை கூடக் கரைஞ்சிருக்கு. பென் டிரைவைக் குடுங்க, இன்னைக்கே அனுப்பிடறேன்.